ஒண்ணாம் நம்பர், கட்

லிஃப்ட் வேலையில் 'ஆஃப்' என்று யாரும் சொல்வதில்லை. ஆன், ஆஃப் இரண்டும் ஒரே மாதிரித்தான் வாயைத் திறக்கின்றன. மேலேயிருந்து கத்தினால் சுவரில் முட்டி மோதிக் கீழே லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் வந்து சேர்வதற்குள் 'ஆ' மட்டும்தான் மிச்சம் இருக்கும். அந்த 'ஆ'வை நம்பிக் கையை வைக்கிறவன் மடையன். அதனால் மின்சாரத்தை நிறுத்தினால் 'கட்', திரும்பக் கொடுத்தால் 'பவர்'. உச்சியில் மெஷின் ரூமில் நிற்கிறவன் ஸ்விட்சை இறக்கிவிட்டு வாக்கிடாக்கியில் 'கட்' என்பான். கீழே நிற்கிறவன் அதையே திருப்பிக் 'கட்' என்பான். பிறகு லிஃப்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பான். லிஃப்ட் அசையவில்லை என்றால்தான் குழிக்குள் இறங்குவான்.

கம்பெனிக்காரன் இதையெல்லாம் படம் போட்டு வேனுக்குள் ஒட்டியிருந்தான். ஒட்டியதோடு அவன் கடமை தீர்ந்தது. நாளைக்கு எவனாவது செத்துப்போனால், இதோ படம் இருக்கிறதே என்று காட்டலாம்.

அந்த வேனில் இரண்டு பேர். ஓட்டுகிறவன் ஒல்லி. எந்தச் சந்திலும் நுழைந்து வருகிற உடம்பு என்பதால் குழி வேலை அவனுக்கு. பக்கத்தில் உட்காருகிறவர் அவனுடைய அக்கா புருஷன். மெஷின் ரூம் வேலை அவருக்கு. அவருக்குக் கம்பெனியில் வைத்த பெயர் மூணுதரம். எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு லிஃப்டில் ஏறவும் மாட்டார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்று சொல்லிப் படியில்தான் ஏறுவார்.

பெயர் வந்த கதையில்தான் சண்டையும் வந்தது. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் மூணுதரம் வேனைத் திருப்பச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லை, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. இஸ்திரிப் பெட்டியும் பிடுங்கித்தான் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு வேனுக்கு வந்தவர், பூட்டை இழுத்துப் பார்க்க மறுபடி போனார். வேன் நகர்ந்ததும், "ஏன் மாப்ள, அடுப்பு அணைஞ்சிருந்துச்சுல்ல? நீயும் பாத்தியா?" என்று கேட்டார்.

ஒல்லிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கம்பெனியில் எல்லாரும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் இதை நடித்தே காட்டிவிட்டான். டீ கெட்டில் மூடியை அடுப்புத் திருகு ஆக்கிக்கொண்டான். திருகுவான், நாலு எட்டு நடப்பான், மண்டையைச் சொறிவான், திரும்பி வருவான். கடைசியில் அத்தான் குரலிலேயே, "நீயும் பாத்தியா?" மேனேஜர் சிரித்ததில் டீ மூக்கில் ஏறியது. மூணுதரம் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஒரே வேனில் தோளுரசிக்கொண்டு போவார்கள். ஒரே கை கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தின்பார்கள். ஒல்லி அக்கா வீட்டுக்கு வந்தால், ஒரே அறையில் அத்தானை வைத்துக்கொண்டே, "அக்கா, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்னு அவர்கிட்ட சொல்லிரு" என்பான். அவர் சுவரைப் பார்த்து, "தெரியும்னு சொல்லு" என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு எருமைக்கு நடுவுல நான் மணி கட்டிக்கிட்டு அலையறேன்."

வேலையில் மட்டும் 'கட்', 'பவர்' இரண்டும் இருந்தன. அவை பேச்சில் சேராது என்று இருவருக்குள்ளும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அந்த வார்த்தையில் 'வாங்க'வும் இல்லை, 'வாடா'வும் இல்லை. மரியாதை கொடுத்ததாகவும் ஆகாது, கெடுத்ததாகவும் ஆகாது. ஸ்விட்சைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும். காலையில் ஒரு கட், சாயங்காலம் ஒரு பவர். அதற்கு மேல் ஒரு மூச்சு கிடையாது.

இதில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூணுதரம் மூன்று தடவை பார்ப்பதை விட்டுவிட்டார்.

லேசில் விடவில்லை. ஸ்விட்சை இறக்கிவிட்டு நகரும்போது கை அரிக்கும். முதுகில் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆனால் கெட்டில் மூடியும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். அதுவரை மனைவி தினமும் வேலை நேரத்தில் ஒரு போன் போடுவாள். "அடுப்பு அணைச்சாச்சு, இஸ்திரி பிடுங்கியாச்சு, மூச்சு விடுங்க" என்று வைத்துவிடுவாள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து போன் வரவில்லை.

அன்றைக்கு வேலை ஒரு பழைய ஏழு மாடிக் கட்டடத்தில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட், இரண்டும் நடுவே சுவர் இல்லாத ஒரே உயரக் கூண்டுக்குள் ஓடுபவை. ஒண்ணாம் நம்பர் லிஃப்டின் குழியில் இருக்கும் சிவப்பு நிறுத்தப் பொத்தான் உடைந்துபோயிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். குழிக்குள் இறங்குகிறவன் முதலில் தட்டுவது அந்தப் பொத்தானைத்தான். அதைத் தட்டிவிட்டால் மேலே எவன் என்ன கூத்து அடித்தாலும் லிஃப்ட் அசையாது. இன்றைக்கு அதுவே இல்லை. குழியும் இடுப்பளவுதான். புதுக் கட்டடமென்றால் லிஃப்ட் தலைக்கு மேல் வந்து நின்றாலும் குந்தி உட்கார்ந்து பிழைக்கலாம். இங்கே அந்தக் கதை நடக்காது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா கையில் சாவிக்கொத்தும் வாளியுமாக நின்றாள். ஒல்லி அவளிடம் அரை நிமிடத்தில் ஒட்டிக்கொண்டான். அவன் குணம் அது. ஒண்ணாம் நம்பரை இரண்டாம் மாடிக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, தரைத்தளத்துக் கதவில் 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டினான். மூணுதரம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். அந்த அம்மா இரண்டாம் நம்பர் லிஃப்டில் போய் மேலே காத்திருந்தாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் மெஷின் ரூமைத் திறந்தபடியே கேட்டாள். "நீங்கதானா அந்த அடுப்பு ஆளு?"

மூணுதரத்துக்குச் சுருக்கென்றது. "எந்த அடுப்பு?"

"உங்க மச்சான் சொல்லுச்சு. ஒரு தடவை பார்த்தா திருப்தி வராதாமே உங்களுக்கு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், பாத்ரூம் குழாயை மூடிட்டு மூடிட்டு வருவாரு. சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க."

உள்ளே இரண்டு மோட்டார்கள். சுவரில் இரண்டு இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. பெட்டியின் மேல் எழுதியிருந்த எண்ணை வெள்ளையடித்தவன் சேர்த்தே அடித்துவிட்டுப் போயிருந்தான். முன்பென்றால் மூணுதரம் மோட்டாரிலிருந்து தொடங்கி, வயர் ஓடுகிற குழாயை விரலால் தடவிக்கொண்டே போவார். தரையில் ஓடி, சுவரில் ஏறி, எந்தப் பெட்டியில் நுழைகிறதோ அதுதான் அந்த மோட்டாரின் ஸ்விட்ச். 'ஒண்ணாம் நம்பர்' என்று வாய்விட்டுச் சொல்வார். திரும்பப் போய் மறுபடி தடவிக்கொண்டு வருவார்.

இன்று வாசலில் வாளியோடு ஒரு பெண்பிள்ளை நின்று வேடிக்கை பார்க்கிறாள். அடுப்பு ஆளு என்கிறாள். குனிந்து தரையைத் தடவிக்கொண்டு போனால் கீழே போய் என்ன சொல்வாளோ. மூணுதரம் நிமிர்ந்து நடந்து, ஒண்ணாம் நம்பரின் மோட்டார் இடதுபக்கம் என்பதால் அதற்கு நேராக இருந்த இடதுபக்கக் கைப்பிடியை ஒரே இழுப்பில் இறக்கினார். தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பியே பார்க்கவில்லை.

வாக்கிடாக்கியில், "கட்."

கீழேயிருந்து உடனே, "கட்."

"அவ்ளோதானா?" என்றாள் அந்த அம்மா.

"அவ்ளோதான்" என்றார் மூணுதரம். அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு மாடியிலும் விளக்கைப் பார்த்துக்கொண்டு அவள் படியில் இறங்கினாள். அவர் பின்னால் இறங்கினார். தரைத்தளத்தில் ஒல்லி குழிக்குள் இறங்கிவிட்டான். கதவைத் திறந்துவைத்து அடியில் ஒரு மரத்துண்டைச் செருகியிருந்தான். தலையில் விளக்கு கட்டியிருந்தது. அத்தானின் செருப்பைப் பார்த்ததும் முகத்தை அந்த அம்மா பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, ஸ்க்ரூ டப்பா வேன்லயே இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் இவரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அவரு இங்கதான நிக்கிறாரு? நடுவுல நான் எதுக்குத் தபால்காரி?"

"நான் போறேன்னு சொல்லுங்கம்மா" என்றார் மூணுதரம்.

"நல்ல குடும்பம்டா சாமி" என்றாள் அவள்.

வாசலில் நிறுத்த இடமில்லாமல் வேன் அடுத்த தெருவில் நின்றது. மூணுதரம் மருந்துக்கடையைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி முனையில் திரும்பினார். அங்கேதான் அது பிடித்தது.

எந்தக் கைப்பிடி?

இடது. இடது மோட்டாருக்கு இடது பெட்டி. இதில் என்ன சந்தேகம்? போ, போ என்று தன்னையே விரட்டினார். நாலு எட்டு நடந்தார். இந்தக் கட்டடத்துக்கு முன்பும் வந்திருக்கிறோம். அப்போது குழாயைத் தடவிக்கொண்டு போனபோது விரல் எங்கே போனது? நேராக ஏறியதா, குறுக்கே ஓடியதா? கண்ணுக்கு ஞாபகம் இல்லை. அவருடைய ஞாபகமெல்லாம் விரலில் இருந்தது. இன்றைக்கு விரலை எங்கேயும் வைக்கவில்லை.

நடுத்தெருவில் நின்று கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தார். எதிரே வந்தவன் ஒதுங்கிப் போனான்.

கதவு திறந்துதானே இருக்கிறது என்று மனதைத் தேற்றினார். கீழ்க்கதவு திறந்திருந்தால் மின்சாரம் இருந்தாலும் லிஃப்ட் நகராது. ஆக, பயமில்லை. திரும்பிப் போனால் அவன் அடுத்த கூட்டத்தில் ஸ்க்ரூ டப்பாவை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவான். மூணுதரம் நாலுதரம் ஆகிவிடும்.

வேனைத் திறந்தார். டப்பாவை எடுத்தார். எதிரே கம்பெனிக்காரனின் படம். படத்தில் இருந்தவன் ஸ்விட்சில் கையை வைத்தபடி இவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

 அடுப்பு விஷயத்தில் வரும் அரிப்பு வேறு. அது கை அரிப்பு. இங்கே குழிக்குள் ஓர் ஆள் இருக்கிறான். வாக்கிடாக்கியை அமுக்கினார். இத்தனை தூரத்தில் அது இரைந்ததே தவிரப் பேசவில்லை. சரி, மானம் போனால் போகிறது என்று போனை எடுத்து ஒல்லியைக் கூப்பிட்டார்.

மணி அடித்தது. அவர் காதிலும் அடித்தது, கைக்கெட்டும் தூரத்திலும் அடித்தது. ஒல்லியின் போன் வேன் சீட்டில், அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பைமேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் 'அத்தான்' என்று விழுந்தது. பேச்சில்லாத இத்தனை நாளில் அவன் அதை மாற்றவில்லை.

மூணுதரம் வேன் கதவை மூடாமலே ஓடினார்.

அவர் அப்பால் போனதும் இங்கே நடந்தது இதுதான். முதல் மாடியிலிருந்து ஒரு தாய் தன் குழந்தையின் கையை விட்டுவிட்டுப் படியில் இறங்கிவந்தாள். குழந்தை குழிக்குள் எட்டிப் பார்க்கப் போனது. கட்டடத்து அம்மா பாய்ந்து பிடித்தாள். "யப்பா, இந்தக் கதவைச் சாத்திட்டு வேலை பாரு. பிள்ளைங்க திரியற இடம். நாளைக்கு என் தலைதான் உருளும்." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒல்லி, "அதுக்கென்ன, கரன்ட்டுதான் கட் ஆயிருச்சே" என்று மரத்துண்டை உருவினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தலைவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து பழைய பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

மூணுதரம் உள்ளே நுழைந்தபோது முதலில் பார்த்தது சாத்திய கதவை. 

இரண்டாம் நம்பர் லிஃப்டுக்கு முன்னால் ஒருவர் பெட்டியோடு நின்று பட்டனைக் குத்திக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஒண்ணு ரிப்பேர்னு சொன்னீங்க. இதுவும் செத்துக் கிடக்கு?"

"இது ஓடணுமே" என்றாள் அந்த அம்மா.

மூணுதரம் தலையைத் தூக்கினார். இரண்டாம் நம்பருக்கு மேல் எண் காட்டும் விளக்கு அணைந்திருந்தது. ஒண்ணாம் நம்பருக்கு மேல் அது எரிந்தது. எரிந்ததோடு நிற்கவில்லை, நகர்ந்தது. இரண்டு மூன்றாயிற்று. மூன்று நாலாயிற்று. மேலே யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பலகை தரைத்தளத்தில் மட்டும்தானே மாட்டியிருந்தது. ஐந்தில் நின்றது.

ஏறுகிறவர்கள் எங்கே போவார்கள்? கீழேதான் வருவார்கள்.

டப்பா கையிலிருந்து விழுந்து ஸ்க்ரூவெல்லாம் தரையில் சிதறின. மெஷின் ரூம் ஏழு மாடிக்கு மேலே. ஓடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கதவு ஒன்றுதான் வழி. வெளியிலிருந்து திறக்கிற சாவி குழிக்குள் ஒல்லியின் இடுப்பில் இருக்கிறது. உள்ளேயிருந்து அவன் கதவின் கொக்கியைத் தள்ள வேண்டும். தள்ளினால் கதவு திறக்கும், லிஃப்ட் வந்த இடத்திலேயே நின்றுவிடும்.

விளக்கில் கீழ்நோக்கிய அம்பு எரிந்தது.

மூணுதரம் கதவில் இரண்டு கையாலும் அறைந்தார். "கட் ஆகல! கட் ஆகல! கதவைத் தள்ளு!"

உள்ளே ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது. விளக்கில் நாலு.

"கதவைத் தள்ளுன்னு சொல்றேன்ல!"

உள்ளேயிருந்து ஒல்லியின் குரல் சந்தேகமாக வந்தது. "யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்கிட்டதான்டா! மாப்ள! உங்கிட்டதான்! தள்ளுடா கதவை!"

மூன்று. குழிக்குள் காலை உதைக்கிற சத்தம், இரும்பு உரசுகிற சத்தம். இரண்டு. கொக்கி ஒருமுறை வழுக்கியது. ஒல்லி கெட்ட வார்த்தை சொன்னான். மறுபடி தள்ளினான். கதவு கையளவு விலகியது. மூணுதரம் அந்த இடுக்கில் விரலைக் கொடுத்து முழு பலத்தோடு இழுத்தார்.

மேலே தடக் என்று ஒரு சத்தம். கூண்டு முழுவதும் கயிறுகள் அதிர்ந்தன. விளக்கு இரண்டிலேயே நின்றது.

ஒல்லி மெல்லத் தலையை நிமிர்த்தினான். தலைவிளக்கின் வெளிச்சம் சுவரில் ஏறி, லிஃப்டின் கறுத்த அடிவயிற்றில் போய் விழுந்தது. அது முதல் மாடிக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்து லிஃப்ட் ஓடுதுன்னு நெனச்சேன்" என்றான். வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

மூணுதரமும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை மேலே தூக்கினார்கள். தரையில் ஸ்க்ரூக்களுக்கு நடுவே உட்கார்ந்தான். அப்போது மேலேயிருந்து மணி அலறத் தொடங்கியது. லிஃப்டுக்குள் ஐந்தாம் மாடி டீச்சர் மாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக் குரல், கூண்டு வழியாகத் தெள்ளத் தெளிவாக இறங்கியது. "யாரு ஆஃப் பண்ணது? யாருன்னு கேக்கறேன்!"

ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

"கட்டுன்னு சொன்னீங்களே" என்றான் ஒல்லி.

"சொன்னேன்."

"சொன்னீங்க. நானும் திருப்பிச் சொன்னேன்."

"ரெண்டாம் நம்பரைக் கட் பண்ணிருக்கேன். பெட்டி மாறிப்போச்சு."

"எப்படி மாறும்? மூணு தடவை பாப்பீங்களே! அடுப்புக்கே மூணு தடவை பாக்கிற ஆளு!"

"இப்பல்லாம் பாக்கறதில்ல."

"என்னது?"

"நீ அந்த மூடியைத் திருகிக் காட்டினியே, அன்னியிலேருந்து பாக்கறதில்ல."

 ஒல்லி வெடித்தான். "யோவ்! என்னய்யா மனுஷன் நீ? விளையாட்டுக்குச் சொன்னா விட்டுருவியா? என் உசுருய்யா கீழ இருந்துச்சு! விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"பேச்சுதான் இல்லையே."

கட்டடத்து அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மூணுதரத்துக்கும் இப்போதுதான் கோபம் வந்தது. பயம் இறங்குகிற வழியில் அதுதான் முதலில் வரும். "நீ ஏன்டா பட்டனை அமுக்கிப் பாக்கல? அமுக்கியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? படம் போட்டு ஒட்டியிருக்கான்ல?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"எதுக்குன்னா?"

"நீங்க கட்டுன்னு சொன்னப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்கிறேன். உங்ககூட வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட அமுக்கிப் பாத்ததில்ல. வேற யாரு மேல இருந்தாலும் பாப்பேன். நீங்கன்னா பாக்க மாட்டேன்." ஒல்லி முழங்கையால் மூக்கைத் துடைத்தான். "ஊரெல்லாம் உங்களைச் சொல்லிச் சிரிப்பேன். ஆனா குழில இறங்குறப்ப அதை நம்பித்தான் இறங்குவேன்."

மூணுதரம் காலியான டப்பாவை எடுத்தார். குனிந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். பாதி வெளியே விழுந்தது. ஒல்லி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனும் பொறுக்கத் தொடங்கினான். அவன் போட்டதிலும் பாதி வெளியேதான் விழுந்தது.

"அக்காகிட்ட சொல்லப்போறீங்களா?" என்றான்.

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்க மாட்டா. நம்ம ரெண்டு பேரும் பேசறதைப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவா."

மணி இன்னும் அலறியது. "அந்தம்மாவை முதல்ல இறக்குங்கப்பா," என்றாள் கட்டடத்து அம்மா. "இல்லன்னா நான் வேலையை விட்டுப் போயிருவேன்."

கதவைச் சாத்தி லிஃப்டை ஓடவிட்டு டீச்சரை இறக்கினார்கள். அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "படிச்சவங்க யாரும் இல்லையா உங்க கம்பெனியில?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொரு நாளாக இருந்தால் ஒல்லி அதற்கு ஏதாவது சொல்லியிருப்பான். 

பொத்தான் கழற்றியது கழற்றியபடி கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்து இறங்குகிறவன் எவனோ, அவனும் ஒருத்திக்குத் தம்பியாக இருப்பான். ஒல்லி ஒண்ணாம் நம்பரை மறுபடி இரண்டாம் மாடிக்கு ஏற்றி நிறுத்தினான். மூணுதரம் கட்டடத்து அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி படியேறினார். இம்முறை ஒவ்வொரு மாடியிலும் நிற்க வேண்டியிருந்தது. 

மெஷின் ரூமில் முட்டி போட்டார். இடது மோட்டாரிலிருந்து குழாயின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே தவழ்ந்தார். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு வளைவு. சுவரோரம் குழாய் நேராக ஏறாமல் வலதுபக்கம் குறுக்கே ஓடியது. எவனோ அவசரத்தில் செய்த வேலை. விரல் வலதுபக்கப் பெட்டியில் போய் முட்டியது. விரலுக்கு உடனே ஞாபகம் வந்தது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது.

வலதுபக்கக் கைப்பிடியை இறக்கினார். தன் பூட்டை மற்றதிலிருந்து கழற்றி இதில் போட்டார். இழுத்துப் பார்த்தார். திரும்ப மோட்டாருக்குப் போய்த் தடவிக்கொண்டு வந்தார். மறுபடியும் போனார். வாசலில் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் இன்று அவர் எழுந்திருக்கமாட்டார்.

வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். எத்தனையோ வருஷமாகச் சொன்ன வார்த்தை, இன்று நாக்கில் கல்லாகக் கனத்தது. இதைச் சொன்னால் கீழே ஒருவன் இறங்கிவிடுவான். அதுவரை அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

"ஒண்ணாம் நம்பர், கட்."

கீழேயிருந்து உடனே வரும் பதில் வரவில்லை. வாக்கிடாக்கி இரைந்துகொண்டிருந்தது.  என்ன ஆயிற்று? இறங்கிவிட்டானா, இல்லை வேண்டாம் என்று போய்விட்டானா?

பிறகு ஒல்லியின் குரல். "பட்டன் அமுக்கறேன். பாருங்க."

மூணுதரம் மோட்டாரைப் பார்த்தார். அது அசையவில்லை. "ஒண்ணும் இல்ல."

"திரும்ப அமுக்கறேன்."

"அமுக்கு. ஒண்ணும் இல்ல."

மறுபடி இரைச்சல். "அத்தான்."

"சொல்லு."

"இன்னொரு தடவை பாத்துருங்க."

அவர் முட்டி போட்டு மறுபடி மோட்டாரிலிருந்து தொடங்கினார். தடவிக்கொண்டே போய்ப் பெட்டியைத் தொட்டார், பூட்டை இழுத்தார். "பாத்துட்டேன் மாப்ள."

"சரி," என்றான் ஒல்லி. கொஞ்சம் பொறுத்து, "கட்."

கதவு திறக்கிற சத்தமும், அவன் குழிக்குள் குதிக்கிற சத்தமும் கூண்டு வழியே மெல்லியதாக மேலே வந்தன. மூணுதரம் கீழே இறங்கிப் போகவில்லை. பூட்டு போட்டிருந்தாலும் அதை நம்பவில்லை. கைப்பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வலதுபக்கப் பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான் இருக்கும். வேண்டாம் என்று சொன்ன பிறகும் இன்றைக்கு ஏனோ போட்டிருக்கிறாள். அவர் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் கையை விட வேண்டும். வலது கை மரத்துப்போனபோது இடது கையை மேலே வைத்து, அது பிடித்ததா என்று பார்த்துக்கொண்டு, பிறகு வலதை எடுத்தார்.